தருமர் வேஷம்



போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். பேரன் பேத்தியோடும் அவர்களுடைய நண்பர்களோடும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் பகடை உருட்டுகிற படம். போன வருஷம் மகள் வீட்டுக்கு மில்வாக்கி போயிருந்தபோது எடுத்தது. அதற்கு வந்த பின்னூட்டங்களை எல்லாம் படித்தேன். "டீச்சர், தாயக்கட்டை கொண்டுவந்ததுக்கு என்னை ஒரு பீரியட் முழுக்க வெளியே நிக்க வெச்சீங்க. இப்ப நீங்களே உருட்டுறீங்களா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். நியாயமான கேள்வி. என் நாத்தனார், "அது ஏதோ பேய் பிசாசு விளையாட்டாமே அண்ணி, பிள்ளைங்களுக்கு ஆகுமா?" என்று கேட்டிருந்தாள். அதுவும் நியாயமான கேள்விதான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் சொல்லவேண்டியது வேறொன்றும் இருக்கிறது.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பிள்ளைகள் சுருக்கமாக டி அண்ட் டி என்கிறார்கள். தாயத்தில் பழம் எடுப்பதுபோல இதில் ஜெயிப்பதும் கிடையாது, தோற்பதும் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். "எதிரே ஒரு பாலம், பாலத்தில் காவல்காரன் நிற்கிறான், என்ன செய்கிறீர்கள்?" என்று கதை சொல்பவர் கேட்பார். நாம் செய்வதைச் சொல்லவேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது பக்கம் உள்ள ஒரு பகடையை உருட்டவேண்டும். கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதை உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர். முதல் பதிப்பு 1974இல் 1000 பிரதிகள் வந்தது. கைகாக்ஸ் குடியிருந்த லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர் மில்வாக்கியிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவுதான். ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தோம். இன்ஷூரன்ஸ் வேலை போனபிறகு வீட்டு நிலவறையில் உட்கார்ந்து செருப்பு, ஷூ தைத்துக் குடும்பத்தை ஓட்டிய மனிதர் அவர் என்று மாப்பிள்ளை சொன்னார்.

நாத்தனாருக்கு: 1980களில் அமெரிக்காவிலேயே நிறைய பெற்றோர்கள் இது சாத்தான் வழிபாடு என்று பயந்தார்கள். தொலைக்காட்சியில் எல்லாம் பேசினார்கள். நான் ஐந்து மாதம் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். மேசைமேல் இருந்தது பென்சில், காகிதம், பகடை, ஒரு தட்டு முறுக்கு. பயப்பட ஒன்றும் இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் பேத்திக்குப் பதினாறு வயது. அவள்தான் கதை சொல்பவள். பேரன் பதின்மூன்று. அவனும் அவனுடைய மூன்று நண்பர்களும் ஆடுகிறவர்கள். ஒரு பையன் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டதால் ஓர் இடம் காலி. "ஆயா, நீங்க வர்றீங்களா?" என்றான் பேரன். யாராக ஆடவேண்டும் என்று கேட்டேன். திருடன், மந்திரவாதி, வில்லாளி எல்லாம் ஏற்கெனவே இருக்கிறார்கள். "பாலடின் இருக்கு, ஆனா யாருக்கும் பிடிக்காது" என்றான்.

பாலடின் என்றால் சத்தியம் செய்துகொண்ட வீரன். பொய் சொல்லமாட்டான். அடைக்கலம் என்று வந்தவனைக் கைவிடமாட்டான். ஏன் பிடிக்காது என்று கேட்டால், "போர் ஆயா. அவனால எதுவுமே செய்ய முடியாது" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் பாரதக்கூத்து வைப்பார்கள். நாங்கள் பிள்ளைகள் பகலில் அதையே திண்ணையில் ஆடுவோம். துரியோதனன் வேஷத்துக்கு அடித்துக்கொள்வோம். பீமனுக்கும் ஆள் இருக்கும். தருமர் வேஷம் மட்டும் கடைசியில் யாராவது ஒரு நோஞ்சான் தலையில் கட்டப்படும். பெரும்பாலும் அது நான்தான். ஆகவே, அனுபவம் இருக்கிறது என்று சொல்லி பாலடினை எடுத்துக்கொண்டேன். பெயர் நல்லதம்பி. அந்த அமெரிக்கப் பையன்கள் வாயில் அது "நல்லா டம்பி" ஆனது.

முதல் சனிக்கிழமை. பாலத்துக் காவல்காரன் எங்களை மறித்து, யார் நீங்கள் என்று கேட்டான். பேரனின் திருடன், "நாங்கள் வியாபாரிகள்" என்று ஆரம்பித்தான். நான் குறுக்கே புகுந்தேன். "நல்லதம்பி பொய்க்குத் துணை போகமாட்டான். நாங்கள் வியாபாரிகள் இல்லை, உள்ளே இருக்கும் கோட்டையை வேவு பார்க்க வந்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். சிறையில் திருடன் மடியில் யாருடைய பணப்பையோ இருப்பதைப் பார்த்தேன். அதைத் திருப்பிக் கொடுக்கவைத்து, மன்னிப்பும் கேட்கவைத்தேன். அன்று இரவு எனக்கு ஒரே திருப்தி. இந்தப் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வில்லாளிப் பையன் வரவில்லை. வீட்டுப்பாடமாம். பேரன் சமையலறைக்கு வந்து மெல்லச் சொன்னான்: "வீட்டுப்பாடம் எல்லாம் இல்ல ஆயா. அவனுக்கு ஸ்கூல்ல இருக்கற மாதிரியே இருக்காம்."

எனக்குச் சுருக்கென்றது. பேத்தியிடம் போய், நல்லவனாக ஆடியது தப்பா என்று கேட்டேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நல்லவனா ஆடுங்க ஆயா. ஆனா ஜெயிலுக்குப் போனது அஞ்சு பேரும். சத்தியம் பண்ணது நல்லதம்பி மட்டும்தானே?"

முப்பத்துநான்கு வருஷம் வகுப்பெடுத்தவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மாப்பிள்ளையிடம் 1978இல் வந்த பழைய விதிப்புத்தகம் ஒன்று இருந்தது. மறுநாள் அதை வாங்கிவைத்துக்கொண்டு பாலடின் பற்றி இருந்ததை எல்லாம் படித்தேன். இந்தப் பாத்திரம் முதலில் வந்தது 1975இல், ஒரு துணைப்புத்தகத்தில். அதற்கு முன் 1961இல் புத்தகமாக வந்த பவுல் ஆண்டர்சனின் ஒரு நாவலிலிருந்தும், சார்லமேன் மன்னரின் பன்னிரண்டு வீரர்கள் கதையிலிருந்தும் பிறந்தது என்கிறார்கள். 1975 விதிப்படி, பாலடின் ஆகவேண்டுமானால் ஆளுமைக் கவர்ச்சி என்ற எண் 17 ஆவது இருக்கவேண்டும். மூன்று பகடை உருட்டி 17 அல்லது 18 விழ, 216இல் 4 வாய்ப்பு. அதாவது 54இல் ஒன்று. நம் வகுப்பில் ஐம்பத்துநான்கு பேர் இருந்தால் ஒரே ஒருவருக்குத்தான் கிடைக்கும் வேஷம்.

1978 புத்தகத்தில் மனிதர்களின் குணத்தை ஒன்பது கட்டத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை. இன்னொரு பக்கம் நன்மை, நடுநிலை, தீமை. மூன்று பெருக்கல் மூன்று. பாலடின் இதில் ஒழுங்கும் நன்மையும் சேரும் ஒரே கட்டத்தில்தான் நிற்கவேண்டும். தெரிந்தே ஒரு தீய செயல் செய்துவிட்டால் அந்த நிமிஷமே அவன் பாலடின் இல்லை. திரும்பவும் ஆகவே முடியாது. இதைப் படித்தபோது எனக்குத் தருமருடைய தேர்தான் ஞாபகம் வந்தது. தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த தேர், அசுவத்தாமன் விஷயத்தில் அவர் சொன்ன ஒரு அரைப்பொய்யில் கீழே இறங்கிவிட்டதே, அதே கணக்கு.

மற்ற விதிகளைப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அந்த விதிகள் இரண்டு வகை. ஒரு வகை அவனை மட்டும் கட்டுகிறது. மந்திரப் பொருள்கள் பத்துக்குமேல் வைத்துக்கொள்ளக்கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தானம். எளிய வாழ்க்கைக்கு வேண்டியதுபோக மிச்சப் பணத்தை வைத்துக்கொள்ளக்கூடாது. இன்னொரு வகை அவன் பக்கத்தில் இருப்பவர்களையும் கட்டுகிறது. நல்லவர்களோடு மட்டுமே அவன் சேரலாம். நடுநிலையானவர்களோடு ஏதோ ஒரு பயணத்துக்கு மட்டும் போகலாம். அப்படியானால், மேசையில் ஒருவர் பாலடின் எடுத்துவிட்டால் மற்றவர்கள் யாராக ஆடலாம் என்பதையும் அவரே தீர்மானித்துவிடுகிறார். "இதுல வந்த சண்டைக்கு அளவே இல்ல அத்தை" என்றார் மாப்பிள்ளை. கல்லூரி நாளிலிருந்து ஆடுகிறவர் அவர்.

பின்னால் வந்த பதிப்புகளில் இந்த இரண்டாவது வகை போய்விட்டது. 2014 பதிப்பில் பாலடினுக்கு ஒரு சத்தியம்தான் இருக்கிறது. பலவகைச் சத்தியங்களில் ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கிறான். என் நல்லதம்பியின் சத்தியத்தில் நேர்மை, துணிவு, இரக்கம், மானம், கடமை என்று ஐந்து. அது அவனுடைய சத்தியம். பக்கத்தில் இருப்பவனுடையது இல்லை.

நல்லவன் வேஷம் சலிப்பானது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பென்ட்ராகன் என்று 1985இல் வந்த இன்னொரு விளையாட்டை மாப்பிள்ளை காட்டினார். கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கியது, ஆர்தர் அரசர் கதை. அதில் குணங்கள் பதின்மூன்று ஜோடியாக இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் 13 என்றால் கொடுமை 7. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். சோதனை வரும்போது பகடை உருட்டவேண்டும். இரக்கமுள்ளவன் என்று பெயரெடுத்தவன்கூட ஒருநாள் தவறலாம். பூஜ்யத்துக்கும் இருபதுக்கும் நடுவில் ஊசலாடுகிறவனைப் பார்த்தால் எப்படிச் சலிக்கும்? "வீட்லயும் ஆபீஸ்லயும் நல்லவனாத்தான் இருக்கோம், விளையாட்டுலயாவது திருடனா இருந்துட்டுப் போறோமே" என்று என் தம்பி மகன் எழுதியிருந்தான். தாராளமாக இரு கண்ணா. திருடன் வேஷமும் சுவைதான். தன் ஒழுக்கத்துக்கான விலையை அடுத்தவர் தலையில் கட்டுகிற நல்லவன் இருக்கிறானே, அவனோடு உட்கார்ந்து ஆடுவதுதான் சலிப்பு. அந்தத் தப்பைத்தான் நான் செய்தேன்.

மூன்றாவது வாரம் வில்லாளிப் பையன் வந்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி ஒரு பாலம், மறுபடி ஒரு காவல்காரன். இந்த முறை நல்லதம்பி, "நீங்கள் என்ன சொல்லிக்கொண்டு போனாலும் அது உங்கள் விருப்பம். எனக்கு வாயில் பொய் வராது. நான் ஆற்றில் இறங்கி வருகிறேன்" என்றான். கனமான கவசத்தோடு நீந்த முடியாது. எனவே கவசத்தைக் கரையிலேயே விட்டான். பகடை நான்கு விழுந்தது. குளிரில் பாதி உயிர் போய் அக்கரை சேர்ந்தான். பையன்கள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்கள். வில்லாளிப் பையன் தன் போர்வையை நல்லதம்பிக்குக் கொடுத்ததாகச் சொன்னான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

எல்லா விஷயத்திலும் இப்படி விலையை நானே கொடுத்துவிட முடியாது என்பதும் பிறகு தெரிந்தது. ஒருநாள் ஒரு கோப்லின் எங்களிடம் சிக்கியது. கோப்லின் என்றால் குட்டிப் பூதம்போல ஒன்று. அது கைகூப்பி உயிர்ப்பிச்சை கேட்டது. விட்டால் போய்த் தன் கூட்டத்தைக் கூட்டிவரலாம். கொன்றால் நல்லதம்பியின் சத்தியம் போகும். முதல் வாரமாக இருந்தால் விட்டுவிடு என்று உத்தரவு போட்டிருப்பேன். இந்த முறை கேட்டேன்: "இதை விட்டால் நம் எல்லோருக்கும் ஆபத்து வரலாம். ராத்திரி முழுக்க நான் காவல் இருக்கிறேன். ஆனால் அடி உங்கள்மேலும் விழலாம். உங்களுக்குச் சம்மதமா?" இருபது நிமிஷம் வாதாடினார்கள். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அப்படி வாதாடி நான் பார்த்ததில்லை. கடைசியில் எல்லோரும் சரி என்றார்கள்.

கோப்லின் ஓடிப்போய்க் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டுதான் வந்தது. மந்திரவாதிக்கு நெஞ்சில் அம்பு. பிழைத்ததே பெரிது. நான் அந்தப் பையனைப் பார்த்து, என்னால்தானே என்றேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான். பேரன் எனக்குத் தமிழில் சொன்னான்: "உங்களால இல்லையாம் ஆயா. அவனும்தானே சரின்னு சொன்னானாம்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது என்று முதலில் எழுதினேன் அல்லவா, அது இதுதான்.

உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். எந்த வருஷம், எந்த வகுப்பு என்று சொல்லமாட்டேன். ஒரு பெண் கணக்கில் இருபத்திரண்டு மார்க் வாங்கியிருந்தாள். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை அவளே போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. உண்மையை மறைக்கக்கூடாது என்பது என் கொள்கை. அவள் அப்பாவை வரச்சொல்லி, கார்டை அவர் கையில் கொடுத்தேன். வகுப்பு வராந்தாவிலேயே அடித்தார். நான் தடுத்தேன். ஆனால் நாலு அடி விழுந்தபிறகுதான் தடுத்தேன். காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. அடுத்த வருஷம் கல்யாணம் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள்.

இத்தனை வருஷமாக, நான் செய்தது சரி, அந்த அப்பா செய்ததுதான் தப்பு என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த அப்பா செய்தது தப்புதான், இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் பாத்திரம் துடைத்துக்கொண்டே பேத்தி கேட்ட கேள்வி என்னை விடவில்லை. கொள்கை என்னுடையது. அதற்கு அடி வாங்கியது அவள். படிப்பை விட்டதும் அவள். நேர்மையான டீச்சர் என்ற பெயர் எனக்கு.

அப்படியானால் பொய்க் கையெழுத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கவேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. ஏன் என்று அவளிடம் முதலில் கேட்டிருக்கலாம். மணி அடித்தபிறகு தினமும் அரைமணி நேரம் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். நானே அவள் வீட்டுக்குப் போய், "பிள்ளைமேல் தப்பில்லை, எனக்குத்தான் சரியாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை" என்று அந்த அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அதற்கெல்லாம் என் நேரமும் என் கௌரவமும் கொஞ்சம் செலவாகியிருக்கும். ஆற்றில் இறங்குவதைவிட அது ஒன்றும் கஷ்டமில்லை. நான் பாலத்தில் நின்று உண்மை பேசிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் இன்று ஆசிரியர்களாக, அதிகாரிகளாக, வீட்டில் பெரியவர்களாக இருப்பவர்கள் நிறையப் பேர். கண்டிப்பாக இருங்கள், நேர்மையாக இருங்கள். அதில் மாற்றமில்லை. ஆனால் கொள்கை என்று ஒன்றைச் சொல்லும்போது, அதற்காகக் கஷ்டப்படப்போவது யார் என்று ஒருமுறை பாருங்கள். அது நீங்கள் இல்லை என்றால், அந்த ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பெண் யாரென்று தெரிந்தாலும் தயவுசெய்து பின்னூட்டத்தில் பெயர் எழுதவேண்டாம். ஊரும் எழுதவேண்டாம். அவளுக்கு இதைக் காட்டவேண்டும் என்று தோன்றினால் காட்டுங்கள். அவள் என்னிடம் பேசவேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். பேசுவதும் பேசாததும் அவள் விருப்பம்.

தாயக்கட்டைக்காக வெளியே நின்றவனே, உனக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. அடுத்தமுறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. தாயம் ஆடலாம். எனக்குத் தாயம் விழாவிட்டால் கேலி செய்யக்கூடாது.

நல்லதம்பி இப்போதும் உயிரோடுதான் இருக்கிறான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அங்கே சனிக்கிழமை ராத்திரி, வீடியோ காலில் ஆடுகிறோம். அந்த நேரத்தில் யாரும் போன் செய்யாதீர்கள். எடுக்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்